கொல்லர் மகன் போட்ட மின்சாரக் கணக்கு

1855-ம் ஆண்டு ஜூலை மாதம் 7-ந்தேதி. லண்டன் நகரில் நல்ல வெயில். பகல் ஒன்றரை மணி இருக்கும். லண்டன் பாலத்துக்கும் ஹங்கர்போர்டு பாலத்துக்கும் இடையே தேம்ஸ் நதியில் ஒரு நீராவிப் படகு போய்க்கொண்டிருந்தது. அதில் 63 வயதான பெரியவர் ஒருவர் இருந்தார்.

அவர் சில வெள்ளை அட்டைகளை எடுத்துத் துண்டு துண்டாகக் கிழித்தார். சட்டென்று மூழ்கவேண்டும் என்பதற்காக அவற்றைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டார். படகு போய் நின்ற ஒவ்வொரு துறையிலும் சில துண்டுகளை நதியில் போட்டுப் பார்த்தார்.

துண்டுகள் ஒரு அங்குல ஆழம்கூடப் போகவில்லை. அதற்குள் கண்ணுக்கு மறைந்துவிட்டன. செங்குத்தாக விழுந்த துண்டுகளில், மேல்பாதி தண்ணீருக்குள் போவதற்கு முன்பே கீழ்ப்பாதி தெரியாமல் போயிற்று. அவ்வளவு கலங்கல். நதி முழுவதும் ஒரே பழுப்பு நிறம். நாற்றமோ சாக்கடைக் குழியில் இருந்து வரும் அதே நாற்றம்.

பெரியவர் அன்றே உட்கார்ந்து, தாம் பார்த்ததைப் பார்த்தபடி லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார். அவர்தான் மைக்கேல் பாரடே. மின்சார மோட்டாருக்கும் டைனமோவுக்கும் வித்திட்டவர். மின்விசிறி சுற்றுவதும் மின்சார ரயில் ஓடுவதும் அவர் கண்டுபிடிப்பின் பலன் என்பது பலருக்கும் தெரியும். தண்ணீருக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு அவ்வளவாகப் பேசப்படுவது இல்லை. அழுக்குத் தண்ணீரை மின்சாரத்தால் சுத்தம் செய்வது, உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்குவது ஆகிய இரண்டு வேலைகளுக்கும் இன்று கணக்குப் போடுகிறவர்கள், அவர் எழுதி வைத்த கணக்கைத்தான் போடுகிறார்கள்.

ஒரு ரொட்டியும் ஒரு வாரமும்

பாரடே 1791-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி, லண்டனை அடுத்த நியூயிங்டன் என்ற இடத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஒரு கொல்லர். பிழைப்புத் தேடி வட இங்கிலாந்தில் இருந்து தலைநகருக்கு வந்தவர். பட்டறை வேலை, உடம்புக்கோ அடிக்கடி சுகம் இல்லை. நான்கு குழந்தைகள். மைக்கேல் மூன்றாவது பிள்ளை.

1801-ல் விலைவாசி ஏறிய சமயத்தில், 9 வயதுச் சிறுவனுக்கு ஒரு ரொட்டி கொடுத்து, அதையே ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஊர் விட்டு ஊர் வந்து குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தது எழுத்தும் வாசிப்பும் கூட்டல் கழித்தலும்தான்.

13-வது வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். பத்திரிகையை வாடகைக்கு வாங்கிப் படிக்கும் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும், படித்து முடித்ததும் திரும்ப வாங்கி வருவதும் வேலை. பையன் நாணயமாக நடந்துகொண்டதால், மறு வருடம் முன்பணம் எதுவும் வாங்காமலே, ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் பைண்டிங் தொழில் கற்க அவனைச் சேர்த்துக்கொண்டார் முதலாளி.

பைண்டிங் பையன்கள் புத்தகத்தை வெளியே இருந்துதான் பார்ப்பார்கள். இந்தப் பையன் உள்ளேயும் பார்த்தான். கலைக்களஞ்சியம் ஒன்று பைண்டிங்குக்கு வந்தபோது, அதில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்தான். ஜேன் மார்செட் என்ற பெண்மணி எளிய நடையில் எழுதிய ரசாயனப் புத்தகத்தையும் படித்தான். படித்ததைச் செய்து பார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. கையில் சேர்ந்த சில்லறைக்குச் சாமான்கள் வாங்கிச் சோதனை செய்தான்.

ஊரில் டேட்டம் என்பவர் மாலை நேரத்தில் விஞ்ஞானச் சொற்பொழிவுகள் நடத்தினார். ஒரு கூட்டத்துக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அந்த ஷில்லிங்கைக் கொடுத்தவர் மூத்த அண்ணன் ராபர்ட். அவரும் கொல்லர்தான். 1810-ல் தந்தை இறந்துபோனார். தம்பியின் படிப்புக்கு இப்படி ஒரு அண்ணன் கைகொடுத்திராவிட்டால் உலகம் எதை இழந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

ஏழு காசு, ஏழு தகடு

1812-ம் ஆண்டு ஜூலை மாதம். பாரடேக்கு வயது 20. ஏழு அரைப்பென்னி செப்புக் காசுகளை எடுத்துக்கொண்டார். அதே அளவில் துத்தநாகத் தகட்டில் ஏழு வட்டங்கள் வெட்டினார். ஒரு காசு, ஒரு தகடு என்று ஜோடி ஜோடியாக அடுக்கி, நடுநடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த ஆறு காகிதத் துண்டுகளை வைத்தார். இதுதான் அவருடைய முதல் பாட்டரி.

அதன் இரு முனைகளில் இருந்து கம்பிகளை எடுத்து, பேதி உப்பு என்று நாம் சொல்லும் மக்னீசியம் சல்பேட் கரைசலில் விட்டார். கரைசல் பிரிய ஆரம்பித்தது. ரசம் போன அரைப்பென்னிக்கும் நனைந்த காகிதத்துக்கும் ஒரு பொருளைப் பிரித்துப்போடும் சக்தி இருக்கிறது! அந்த வியப்பு அடங்காமல் நண்பர் ஒருவருக்கு நீளமாகக் கடிதம் எழுதினார்.

இந்த விஷயம் உலகத்துக்குப் புதிது அல்ல. மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கலாம் என்று 1800-லேயே கண்டுவிட்டார்கள். 1807-ல் சர் ஹம்ப்ரி டேவி பெரிய பாட்டரியை வைத்து சோடியம், பொட்டாசியம் என்ற இரு உலோகங்களையே பிரித்தெடுத்துப் புகழ் பெற்றிருந்தார்.

அந்த டேவி ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற நிலையத்தில் பேசுவதைக் கேட்க வேண்டும் என்பது பாரடேயின் ஆசை. கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். நான்கு சொற்பொழிவுகள். கேட்டதை எல்லாம் குறிப்பெடுத்து, வீட்டில் சுத்தப்பிரதி எழுதி, படங்கள் வரைந்து, கிட்டத்தட்ட 300 பக்கத்துக்குத் தம் கையாலேயே பைண்டு செய்தார். கடையின் மேலே குடியிருந்த பிரெஞ்சு ஓவியர் ஒருவர் படம் வரையச் சொல்லிக் கொடுத்திருந்தது அப்போது உதவியது.

விஞ்ஞானத்தில் ஏதாவது ஒரு வேலை, எவ்வளவு சின்ன வேலையானாலும் சரி என்று, ராயல் சொசைட்டித் தலைவருக்கு மனுப் போட்டார். பதிலே இல்லை. அதே ஆண்டு டிசம்பரில், பைண்டு செய்த அந்தப் புத்தகத்தை டேவிக்கு அனுப்பினார். டேவி கூப்பிட்டுப் பேசினார். ஆனால் விஞ்ஞானத்தில் வருமானம் குறைவு, பைண்டிங் தொழிலையே பார் என்று புத்தி சொல்லி அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு ஒரு சண்டை பாரடேக்கு வழிவிட்டது. நிலையத்தில் இருந்த உதவியாளர் ஒருவர் கைகலப்பில் இறங்கியதால் வேலையில் இருந்து நீக்கப்பட்டார். டேவிக்குப் பைண்டிங் பையன் நினைவு வந்தது. 1813-ம் ஆண்டு மார்ச் 1-ந்தேதி பாரடே வேலையில் சேர்ந்தார். வாரம் 25 ஷில்லிங் சம்பளம். மாடியில் இரண்டு அறை, அடுப்புக் கரி, மெழுகுவர்த்தி எல்லாம் இனாம். குப்பி கழுவுவதில் தொடங்கிய அந்த வேலையை, அதே கட்டடத்தில் இருந்துகொண்டு ஐம்பது ஆண்டுகளுக்குக் கிட்டப் பார்த்தார்.

அதே ஆண்டு கடைசியில் டேவி ஐரோப்பாச் சுற்றுப்பயணம் கிளம்பினார். பாரடேயும் போனார். டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். பலனும் கிடைத்தது. மிலான் நகரில், பாட்டரியைக் கண்டுபிடித்த கிழவர் வோல்டாவையே நேரில் பார்த்தார்.

கடல் தண்ணீர் கற்றுக்கொடுத்த பாடம்

1824-ல் ஒரு சுவையான விவகாரம். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடிப்பாகத்தில் செப்புத் தகடு அடித்திருப்பார்கள். உப்புத் தண்ணீர் அந்தச் செம்பை அரித்துத் தின்றுகொண்டே இருக்கும். செலவு தாங்கவில்லை. டேவியிடம் யோசனை கேட்டார்கள். செம்போடு கொஞ்சம் துத்தநாகமோ இரும்போ சேர்த்து வைத்தால், கடல் தண்ணீர் துத்தநாகத்தைத் தின்னும், செம்பை விட்டுவிடும் என்று டேவி சொன்னார். இதற்கான சோதனைகளில் பாரடேயும் உடன் இருந்து உழைத்தார்.

யோசனை பலித்தது. செம்பு அரிக்கவில்லை. ஆனால் வேறு வினை வந்தது. அரிக்காத செம்பின் மேல் பாசியும் சிப்பியும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டன. கப்பல் வேகம் குறைந்தது. கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. டேவிக்குப் பெரிய அவமானம். இன்று இரும்புக் கப்பல்களுக்கும் பூமிக்கு அடியில் போகும் குழாய்களுக்கும் அதே முறையைத்தான் கையாளுகிறார்கள். டேவி கண்டது சரி. கேட்டவர்களின் கப்பலுக்குத்தான் அது ஒத்துவரவில்லை.

அந்த ஆண்டே ராயல் சொசைட்டி பாரடேயை உறுப்பினராக்கியது. எதிர்த்தவர் யார் தெரியுமா? அவரை வளர்த்துவிட்ட டேவிதான். பாரடே இதை மனதில் வைத்துக்கொண்டு டேவியைப் பற்றிக் குறைவாகப் பேசியது இல்லை.

ஏமாறாத கணக்கு

1831-ல் காந்தத்தைக்கொண்டு மின்சாரம் உண்டாக்கிக் காட்டினார். உலகப் புகழ் வந்தது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் செய்த வேலைதான் நம் விஷயத்துக்கு முக்கியம்.

மின்சாரம் கரைசலைப் பிரிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு பிரியும்? அது யாருக்கும் தெரியாது. பாரடே பெரிய தகடு வைத்துப் பார்த்தார். சின்னத் தகடு வைத்துப் பார்த்தார். கரைசலைக் காரமாக்கினார், நீர்க்கவிட்டார். தகடுகளைக் கிட்ட வைத்தார், தள்ளி வைத்தார். என்ன செய்தாலும் விடை ஒன்றுதான். ஓடிய மின்சாரம் எவ்வளவோ, அதற்குத் தக்கபடிதான் பொருள் பிரிந்தது. இரண்டு மடங்கு மின்சாரம் ஓடினால் இரண்டு மடங்கு பொருள்.

இரண்டாவதாக ஒன்றும் கண்டார். ஒரே மின்சாரத்தை வரிசையாகப் பல பாத்திரங்கள் வழியாக விட்டால், ஒரு கிராம் ஹைட்ரஜன் வரும் நேரத்தில் 8 கிராம் ஆக்சிஜன் வரும். 35½ கிராம் குளோரின் வரும். வெள்ளிக் கரைசலாக இருந்தால் 108 கிராம் வெள்ளி படியும். ஒவ்வொரு பொருளுக்கும் இயற்கை ஒரு கட்டண விகிதம் எழுதி வைத்திருக்கிறது. அதில் சலுகையும் கிடையாது. கூடுதல் வசூலும் கிடையாது.

இந்தக் கணக்கு வந்த பிறகு, வெளிவரும் வாயுவை அளந்தே ஓடிய மின்சாரத்தை அளக்கும் ஒரு கருவியைச் செய்தார். வீட்டு மின்சார மீட்டருக்கு அதை ஒரு பாட்டனார் என்று சொல்லலாம்.

புதுக் கணக்குக்குப் புதுச் சொற்கள் வேண்டும் அல்லவா? பாரடேக்குக் கிரேக்க மொழி தெரியாது. தெரிந்தவர்களிடம் போய்க் கேட்பதில் அவருக்கு வெட்கமும் கிடையாது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹியூவெலுடன் கடிதம் எழுதி யோசித்து, 1834-ல் ஆனோடு, கேதோடு, அயான் என்ற சொற்களை வெளியிட்டார். பள்ளிக்கூடத்தில் நாம் நேர்மின்வாய், எதிர்மின்வாய், அயனி என்று படித்தவை இவைதான். அயான் என்றால் நடந்து போவது என்று பொருள். தண்ணீருக்குள் உப்பு இரண்டாகப் பிரிந்து, ஒன்று ஒரு பக்கமும் மற்றது மறு பக்கமும் நடந்து போகிறது. பெயர் பொருத்தமாகத்தான் அமைந்தது.

இதில் கொல்லர் மகன் ஒரு கணித சூத்திரம்கூட எழுதவில்லை. உயர்கணிதம் அவருக்கு வராது. எல்லாம் எடைபோட்டு, அளந்து, நோட்டில் குறித்துக் கண்டதுதான்.

கணக்கு இன்று படும் பாடு

கடல் தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அயனிகள் நடந்து போகும் என்றால், வழியில் சல்லடை போன்ற மெல்லிய சவ்வுகளை வைத்து உப்பை ஒதுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை எடுத்துக்கொள்ளலாமே? எடுக்கலாம். ஒருவகைச் சவ்வு நேரயனியை மட்டும் விடும். இன்னொரு வகை எதிரயனியை மட்டும் விடும். இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கி மின்சாரம் செலுத்தினால், ஒரு அறையில் உப்புக் குறையும், அடுத்த அறையில் கூடும். 1950-களில் நல்ல சவ்வுகள் வந்த பிறகு இது நடைமுறைக்கு வந்தது. குஜராத்தில் பவநகரில் 1954-ல் தொடங்கிய மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையம் இந்தச் சவ்வுகளை நம் நாட்டிலேயே செய்து, உவர்நீரைக் குடிநீராக்கிக் காட்டியது.

அப்படியானால் கடல் தண்ணீர் முழுவதையும் இப்படியே மாற்றிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் பாரடே குறுக்கே நிற்கிறார். அவர் கணக்குப்படி 58½ கிராம் சாப்பாட்டு உப்பை நகர்த்த 26.8 ஆம்பியர்-மணி மின்சாரம் வேண்டும். அதாவது ஒரு ஆம்பியர் மின்சாரம் 26.8 மணி நேரம் ஓட வேண்டும். ஆயிரம் லிட்டர் உவர்நீரில் 3 கிலோ உப்பு இருந்தால் சுமார் 1,370 ஆம்பியர்-மணி போதும். ஆயிரம் லிட்டர் கடல் தண்ணீரில் உள்ள 35 கிலோவுக்கு 16 ஆயிரத்துக்கு மேல் ஆகும். எத்தனை அறையாகப் பிரித்தாலும் மொத்தப் பற்று இதுதான். அதனால்தான் கிணற்று உவர்நீருக்கு இந்த முறை ஏற்றது. கடலுக்குச் செலவு அதிகம். சென்னையில் மீஞ்சூரிலும் (2010) நெம்மேலியிலும் (2013) தொடங்கிய கடல்நீர் நிலையங்களில், தண்ணீரை அழுத்தித் தள்ளிச் சவ்வில் வடிகட்டும் வேறு முறையைக் கையாண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடல் தண்ணீரில் உப்பை எடுக்காமலே மின்சாரத்துக்கு ஒரு வேலை உண்டு. அப்படியே மின்சாரம் செலுத்தினால் குளோரின் உண்டாகி, கிருமி கொல்லும் மருந்தாக மாறிவிடும். ஒரு கிலோ குளோரினுக்கு சுமார் 755 ஆம்பியர்-மணி என்று இதற்கும் அதே விகிதத்தில்தான் கணக்கு. கடலோர மின்நிலையங்களில் குழாய்க்குள் சிப்பி ஒட்டாமல் இருக்க இப்படித்தான் மருந்தைக் கடல் தண்ணீரில் இருந்தே செய்துகொள்கிறார்கள். கப்பலில் ஒட்டி டேவியின் மானத்தை வாங்கிய அதே சிப்பிக்கு, அதே மின்சாரத்தைக்கொண்டே மருந்து!

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். தண்ணீர் சுத்தம் செய்யும் கருவி விற்க வீட்டுக்கு வருகிறவர்களில் சிலர் ஒரு வித்தை காட்டுவார்கள். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் குழாய்த் தண்ணீர். மற்றதில் அவர்கள் கருவியில் வடித்த தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுப்பார்கள். சிறிது நேரத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகவும் கறுப்பாகவும் திரிந்து சகதிபோல் ஆகிவிடும். வடித்த தண்ணீர் தெளிவாகவே இருக்கும். இத்தனை நாள் இந்த விஷத்தையா குடித்தோம் என்று வீட்டில் உள்ளவர்கள் பதறிப்போவார்கள். கடன் வாங்கியாவது கருவி வாங்கிவிடுவார்கள்.

அந்தச் சகதி தண்ணீரில் இருந்து வந்தது அல்ல. கம்பியில் இருந்து வந்தது. குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் உப்புகள் இருப்பதால் மின்சாரம் ஓடுகிறது. ஓடிய மின்சாரத்துக்குத் தக்கபடி இரும்புக் கம்பி கரைந்து துருவாகிறது. வடித்த தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை, மின்சாரம் ஓடவில்லை, கம்பியும் கரையவில்லை. வந்தவரிடம் ஒரு சிட்டிகை சமையல் உப்பைக் கொடுத்து, வடித்த தண்ணீரில் போட்டு மறுபடி காட்டச் சொல்ல வேண்டும். அதுவும் பழுப்பாகிவிடும். (நாமே கம்பியைத் தொடுவது ஆபத்து.) குழாய்த் தண்ணீர் நல்லது என்றும் இதற்கு அர்த்தம் இல்லை. அதில் நோய்க்கிருமி இருந்தால் இந்த வித்தையில் தெரியவே தெரியாது. காய்ச்சிக் குடிப்பது அதற்கு வழி.

பணம் வேண்டாம் என்ற மனிதர்

பாரடேக்கு நிலையம் கொடுத்த சம்பளம் ஆண்டுக்கு 100 பவுன். வெளியே கம்பெனிகளுக்கு ரசாயனப் பரிசோதனை செய்து கொடுத்து, 1830 வாக்கில் ஆண்டுக்கு ஆயிரம் பவுனுக்கு மேல் சம்பாதித்தார். நாளுக்கு நாள் அது வளர்ந்திருக்கும். ஆராய்ச்சிக்கு நேரம் போதவில்லை என்று, அந்த வருமானத்தைக் கைகழுவினார். மேலே சொன்ன மின்சாரக் கணக்கு, அப்படி மிச்சமான நேரத்தில் போட்டதுதான். மனைவி சாரா இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. சாண்டிமானியர் என்ற சிறிய கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். செல்வம் சேர்ப்பதை அந்தச் சபை நல்லதாக நினைப்பது இல்லை.

சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டித் தலைவர் பதவி வீடு தேடி வந்தது. முன்பு மனுவுக்குப் பதில்கூடப் போடாத அதே நாற்காலி. அதையும் வேண்டாம் என்றார்.

1836 முதல், கலங்கரை விளக்கங்களை நிர்வகிக்கும் டிரினிட்டி ஹவுஸ் என்ற அமைப்புக்கு ஆலோசகராக இருந்தார். விளக்குப் பணியாளர்களுக்குச் சுற்றிலும் கடல். குடிக்க இருப்பதோ கூரையில் விழும் மழைத் தண்ணீர். கூரை ஈயத் தகடு. ஈயம் தண்ணீரில் கலந்து உடம்பைக் கெடுக்கும். கலங்கரை விளக்கத் தண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்கும் வேலையையும் பாரடே செய்தார். பெரிய விஞ்ஞானிக்கு இது சின்ன வேலை என்று அவர் நினைக்கவில்லை.

1839-ல் உடம்பும் மனமும் தளர்ந்தது. ஞாபக மறதி வாட்டியது. நேற்றுச் செய்த சோதனையை இன்று மறந்துபோவார். ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டு நாட்குறிப்பு எழுதினார். ஓய்வுக்குப் பிறகு 1845-ல் மீண்டு வந்து, ஒளிக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவைக் கண்டார். ஆனால் மறதி முழுவதும் விட்டுப்போகவே இல்லை.

நாற்றம் சட்டசபைக்கு வந்தது

தேம்ஸ் கடிதத்துக்கு வருவோம். அந்தக் காலத்து லண்டனில் வீட்டுக் கழிவு எல்லாம் நதிக்குத்தான் போயிற்று. குடிதண்ணீரில் ஒரு பகுதியும் நதியில் இருந்துதான் வந்தது. காலரா திரும்பத் திரும்ப வந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோயிற்று. மாகிமுக்கும் பாந்த்ராவுக்கும் இடையே ரயிலில் மித்தி ஆற்றைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்களுக்கு, அந்த தேம்ஸ் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லாமலே விளங்கும்.

பாரடேயின் கடிதம் பத்திரிகையில் வந்ததும், 'பஞ்ச்' என்ற நகைச்சுவைப் பத்திரிகை ஒரு படம் போட்டது. பாரடே ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அழுக்குப் பிடித்த தேம்ஸ் கிழவனுக்குத் தம் அட்டையை நீட்டுகிறார். மக்கள் சிரித்தார்கள். அரசாங்கம் அசையவில்லை.

மூன்று ஆண்டு கழித்து, 1858 கோடையில், வெயிலில் நதி வற்றி நாற்றம் நகரையே தூக்கியது. நதிக்கரையில்தான் பாராளுமன்றக் கட்டடம். ஜன்னல் திரைகளைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. மளமளவென்று சட்டம் நிறைவேறியது. பசால்ஜெட் என்ற என்ஜினீயர் பெரிய சாக்கடைகள் கட்டி, கழிவை நகருக்குக் கிழக்கே கொண்டுபோனார். ஏழைகள் ஆண்டுக்கணக்காக முகர்ந்த நாற்றம் மேலவர்கள் மூக்குக்கு எட்டியபோதுதான் பணம் பிறந்தது.

அதே 1858-ல் விக்டோரியா மகாராணி, ஹாம்ப்டன் கோர்ட் என்ற இடத்தில் பாரடேக்கு வாடகை இல்லாமல் ஒரு வீடு கொடுத்தார். பழைய வீடு. பழுது பார்க்கப் பணத்துக்கு எங்கே போவது என்று பாரடே தயங்கியபோது, அந்தச் செலவையும் மகாராணியே ஏற்றுக்கொண்டார். நகருக்கு மேற்கே, அதே தேம்ஸ் நதிக்கரைப் பக்கம்தான் அந்த இடமும். 1867-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந்தேதி அங்கே, நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் பிரிந்தது. ஹைகேட் இடுகாட்டில் ஒரு சாதாரணக் கல்லின் கீழ் அடக்கம் செய்யப்பட்டார். கல்லில் பெயரும் தேதிகளும் மட்டும் இருக்கின்றன.

கிராஸ்னசில் இரும்புத் தகடு

பாரடே தம் கையால் சாக்கடைத் தண்ணீரை மின்சாரத்தால் சுத்தம் செய்து பார்க்கவில்லை. 1889-ல் வெப்ஸ்டர் என்பவர் அதைச் செய்தார். இடம், பசால்ஜெட்டின் சாக்கடை தேம்ஸ் நதியில் வந்து விழும் கிராஸ்னஸ். சாக்கடைத் தண்ணீரை இரும்புத் தகடுகளுக்கு இடையே ஓடவிட்டு மின்சாரம் செலுத்தினார். வீட்டுக்கு வரும் விற்பனைக்காரர் டம்ளரில் காட்டும் அதே வேலைதான். இங்கே நேர்மையாக நடந்தது. இரும்பு கரைந்து, பஞ்சுபோல் திரண்டு, அழுக்கைப் பிடித்துக்கொண்டது. பிறகு வண்டலாகப் படிந்தது. மேலே நின்ற தண்ணீர் தெளிந்தது.

வெற்றிதான். ஆனால் கரையும் இரும்புக்கும் ஓடும் மின்சாரத்துக்கும் ஆன செலவைப் பார்த்தபோது, லண்டன் அளவு சாக்கடைக்குக் கட்டுபடியாகவில்லை. சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டுத் தெளியவைத்து, வண்டலைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டுவது மலிவாக இருந்தது. வெப்ஸ்டரின் தகடுகள் மூலைக்குப் போயின. நெடுங்காலம் கழித்து, சாயக் கழிவு, உலோக முலாம் பூசும் பட்டறைக் கழிவு போன்ற பிடிவாதமான தண்ணீருக்கு அதே முறையைத் தூசி தட்டி எடுத்தார்கள். கழிவில் ஓடிப்போகும் செம்பையும் நிக்கலையும் எதிர்மின்வாயில் படியவைத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் பாரடேயின் விகிதமே உதவுகிறது.

தமிழ்நாட்டில் இந்த வித்தைக்கு என்றே ஒரு நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ந்தேதி நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ம் ஆண்டு பொங்கல் திருநாளான ஜனவரி 14-ந்தேதி, துணை ஜனாதிபதியாக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து வைத்தார். உப்புத் தண்ணீரில் குளோரின் எடுக்கும்போது நேர்மின்வாயே கரைந்து போகாமல் இருக்க, டைட்டானிய உலோகத்தின் மேல் பூச்சுப் பூசிய தகடுகளை அங்கே உருவாக்கினார்கள். வெப்ஸ்டருக்குத் தகடு கரைய வேண்டும்; காரைக்குடிக்காரர்களுக்குக் கரையக் கூடாது. எந்த அளவு மின்சாரத்துக்கு எது, எவ்வளவு வெளிவரும் என்று பார்க்க இருவரும் திறந்தது ஒரே பேரேட்டைத்தான்.